கேமராவைத் தராசில் வை, அப்புறம் ஸ்டாண்டு வாங்கு

இங்கே பர்மாவில் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் தீமிதியை முதன்முதலில் நானே பொறுப்பெடுத்துப் படம் பிடித்த வருசம், விடிவதற்கு முன்பே போய்ப் பூக்குழிக்கு எதிரே நல்ல இடமாகப் பிடித்துவிட்டேன். கரகம் சுமந்து வந்த அம்மா குழியில் கால் வைத்ததிலிருந்து அந்தப் பக்கம் இறங்கும் வரைக்கும் எங்கேயும் வெட்டாமல் ஒரே பேனாக, அதாவது நின்ற இடத்திலிருந்தே கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே, எடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. எடுத்தேன். யாங்கோனுக்குத் திரும்பி வந்து போட்டுப் பார்த்தால், படம் முதலில் நகர மாட்டேன் என்று நிற்கிறது, அப்புறம் ஒரே குலுக்கில் பாய்கிறது, அம்மா திரையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார், நான் பதறிப்போய் இழுப்பது படத்திலேயே தெரிகிறது, கடைசியில் அவர் குழியைத் தாண்டி நின்ற பிறகும் படம் வந்த வழியே ஒரு விரற்கடை பின்வாங்கி நிற்கிறது. கேமரா நல்ல கேமரா. கையும் அவ்வளவு மோசமான கையில்லை. கெடுத்தது கேமரா உட்கார்ந்திருந்த மூன்றுகால் ஸ்டாண்டுதான்.

அதை விற்ற கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பன்னிரண்டு கிலோ தாங்கும் தம்பி, உங்க கேமரா மூணு கிலோகூட வராது, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." அவர் பொய் சொல்லவில்லை, பன்னிரண்டு கிலோவை வைத்தாலும் அது உடைந்து விழாது. ஆனால் உடையாமல் தாங்குவது வேறு, சாய்த்த இடத்தில் கேமராவை நிறுத்துவது வேறு. கண்ணைத் திறந்துகொண்டு வாங்கியிருந்தால் அந்த வருசத்துக் கரகம் உருப்படியாக வந்திருக்கும். கல்யாணம், கோயில் விழா, தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு நேரலை என்று நம் ஊரில் வேலை பார்க்கிற தம்பிமார் அடிக்கடி என்னிடம் கேட்பது "அண்ணே, எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?" என்பதுதான். எந்தக் கம்பெனி என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி உன் கேமரா எத்தனை எடை.

எடை போடுவது

பெட்டியில் அச்சடித்திருக்கும் எடையை நம்பாதே. சோனி எஃப்எக்ஸ்6 உடம்பு மட்டும் 890 கிராம் என்று போட்டிருக்கும், உண்மைதான், ஆனால் வெறும் உடம்பை வைத்துக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. லென்ஸ், பேட்டரி, கைப்பிடி, மைக், வயர்லெஸ் ரிசீவர், மானிட்டர், அடியில் மாட்டுகிற பிளேட், எல்லாம் சேர்த்து வேலைக்குப் போகிற கோலத்தில் அப்படியே நிறுக்கணும்.

நான் யாங்கோனின் தாமுவே பகுதியில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தராசுத் தட்டில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது, துண்டு விரித்து வைத்தேன். "என்ன தம்பி, வீசை என்ன விலைக்குத் தரப் போறீங்க?" என்று அக்கா சிரித்தார். 24–105 லென்ஸோடு 1.8 வீசை. அப்புறம் 70–200 லென்ஸ், பெரிய வி-மவுண்ட் பேட்டரி, பெரிய மானிட்டர் எல்லாம் மாட்டி மறுபடி வைத்தேன், 2.4 வீசை. இங்கே ஒரு வீசை என்பது ஏறக்குறைய 1.63 கிலோ, ஆகவே முதல் கணக்கு 2.9 கிலோ, இரண்டாவது 3.9 கிலோ. (பெரியவர்கள் சொல்கிற தமிழ்நாட்டு வீசை இது இல்லை, அது 1.4 கிலோ சொச்சம். பெயர் மட்டும் நம்முடையது, கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டது.) இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள். மிகக் குறைந்த எடை, மிகக் கூடிய எடை. உனக்கு வேண்டிய ஹெட் (கால்களுக்கு மேலே கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் விடுகிற பாகம்) இந்த இரண்டையும் சமாளிக்க வேண்டும், இரண்டில் ஒன்றை மட்டும் இல்லை.

கவுண்டர்பேலன்ஸ்: பணம் போடவேண்டிய இடம்

கேமராவை முன்னால் சாய்த்துக் கையை எடுத்தால் அது மூக்கு குப்புற விழப் பார்க்கும். அதைத் தடுக்க ஹெட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, சாயச் சாய அது பின்னால் இழுக்கும், இதுதான் கவுண்டர்பேலன்ஸ். விழப் பார்க்கிற பாரமும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சரிக்குச் சரியாக இருந்தால், எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நிற்கும். ஸ்பிரிங் பலமில்லை என்றால் விழும். ஸ்பிரிங் கேமராவைவிடப் பலமாக இருந்தால் மேலே எழும்பி வரும், நீ கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டி வரும். பலர் கவனிக்காதது இந்த இரண்டாவதுதான். பெரிய ஹெட் வாங்கினால் எப்போதும் நல்லது என்று நினைத்து, இரண்டு கிலோ கேமராவைக் கனமான ஹெட்டில் ஏற்றிவிட்டு, கல்யாணம் முடிகிற வரைக்கும் மல்லுக்கட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

மலிவான ஹெட்டில் ஸ்பிரிங் ஒரே அளவில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும், உன் கேமரா அந்த அளவுக்குப் பொருந்தினால் உன் அதிர்ஷ்டம். அதற்கு மேல் படிப்படியாக மாற்றுகிற வகை, குமிழைத் திருப்பினால் 1, 2, 3 என்று போகும். படி எத்தனை கூடுதலோ அத்தனை நெருக்கமாகப் பொருத்தலாம். சாக்ட்லர் கம்பெனியின் ஆக்டிவ்8 ஹெட்டில் 15 படி, 0 முதல் 12 கிலோ வரை. படியே இல்லாமல் ரேடியோ ஒலியைக் கூட்டுவது மாதிரி தொடர்ச்சியாக மாற்றுகிற வகையும் உண்டு, வின்டன் கம்பெனி அதற்குப் பெயர் போனது, மான்ஃப்ரோட்டோவின் நைட்ரோடெக் என்8 ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் வாயு பிஸ்டனை வைத்து 8 கிலோ வரை இதைச் செய்கிறது. லென்ஸ் மாற்றிக்கொண்டே இருக்கிறவனுக்குத் தொடர்ச்சியான வகை வசதி. காலையில் மாட்டியதை இரவு வரை கழற்றாதவனுக்குப் படி வகையே போதும், ஒரு எண்ணை ஞாபகம் வைத்தால் முடிந்தது.

எடை மட்டும் பார்த்தால் போதாது, எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. குடத்தை இடுப்பில் வைத்துக் குனிவதும் அதே குடத்தைத் தலையில் வைத்துக் குனிவதும் ஒன்றா? குடம் அதே குடம்தான், தலையில் இருக்கும்போது அது ஆளையே கவிழ்க்கப் பார்க்கும். கேமராவும் அப்படித்தான். கைப்பிடி மேல் மானிட்டர், அதற்கு மேல் ரிசீவர் என்று அடுக்க அடுக்கப் பாரத்தின் மையம் மேலே ஏறும், அதே நாலு கிலோவுக்கு ஹெட் இன்னும் கூடுதலாக உழைக்கணும். நல்ல கம்பெனிகள் இதை ஒளிக்காமல் ஒரு வரைபடமாகப் போடுவார்கள், மையம் பிளேட்டிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் இத்தனை கிலோ வரை பேலன்ஸ் ஆகும் என்று. அந்தப் படத்தைத் தேடிப் பார், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோவை விடு. அதில் உன் 3.9 கிலோ நடுவில் எங்கேயாவது விழ வேண்டும், விளிம்பில் விழுந்தால் வேறு ஹெட் பார்.

கடையில் சோதிப்பது சுலபம். டில்ட் டிராக்கை, அதாவது மேலும் கீழும் சாய்க்கும்போது ஹெட் காட்டுகிற எதிர்ப்பை, பூஜ்யத்தில் வை. பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கேமரா கிடைமட்டமாக இருக்கும்போது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்படி செய், இதை முதலில் செய்யாவிட்டால் மற்ற எதுவும் சரியாக வராது. அப்புறம் 30 டிகிரி அளவுக்கு முன்னால் சாய்த்து மெதுவாகக் கையை எடு, ஆனால் கையைக் கேமராவுக்குக் கீழேயே வைத்திரு. விழுந்தால் படியைக் கூட்டு, எழும்பினால் குறை. உன் இரண்டு எடைக்கும் இதைச் செய்து பார். சொந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வெட்கப்படாதே, செருப்பு வாங்கக் காலோடுதானே போகிறோம்.

டிராக்: என் பேன் ஏன் குலுங்கியது

மழைக்காலத்தில் ஊறி உப்பிப்போன மரக்கதவைத் திறந்திருப்பாய். தள்ளத் தள்ள அசையாது, திடீரென்று விட்டுக்கொடுத்து நம்மை உள்ளே தள்ளிவிடும். என் பழைய ஹெட்டில் நடந்தது அதேதான். பெயர் ஃபுளூயிட் ஹெட் என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு உரசித்தான் எதிர்ப்பு வந்தது, நின்றிருக்கும் உரசலை உடைக்கக் கூடுதல் பலம் வேண்டும், உடைந்ததும் அந்தப் பலம் அதிகமாகிப் பாய்ந்துவிடும்.

உண்மையான ஃபுளூயிட் ஹெட்டுக்குள் தட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும், நடுவே கெட்டியான சிலிக்கோன் கிரீஸ், கொம்புத்தேன் பதத்தில். மெதுவாகத் தள்ளினால் மெதுவாக வழிவிடும், வேகமாகத் தள்ளினால் அதிகமாக எதிர்க்கும், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஒட்டிக்கொள்ளாது. இந்த யோசனைக்கு 1946-லேயே சிட்னியில் எரிக் மில்லர் காப்புரிமை எடுத்தார், மில்லர் என்ற பெயரில் இன்றும் ஸ்டாண்டு வருகிறது. அமெரிக்காவில் சாட்வெல் ஓ'கானர் என்ற பொறியாளர் ஓய்வு நேரத்தில் நீராவி ரயில்களைப் படம் எடுக்கிறவர், ரயிலோடு சேர்ந்து சீராகத் திரும்ப ஒரு ஹெட் இல்லையே என்று தானே செய்துகொண்டார், அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ரயிலுக்காகச் செய்தது என்பது எனக்குப் பிடிக்கும், யாங்கோன் வட்ட ரயிலை நடைமேடையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

சரி, கடையில் எது உண்மை ஃபுளூயிட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ரப்பர் பேண்டு போதும். கைப்பிடியின் நுனியில் மாட்டி, டிராக்கை நடுத்தரமாக வைத்து, ரப்பர் பேண்டைப் பிடித்து மெதுவாக, சீராக இழு. நல்ல ஹெட்டில் ரப்பர் கொஞ்சம் நீண்டு அதே நீளத்தில் நிற்கும், ஹெட் அதோடு வழுக்கிக்கொண்டு வரும். மோசமான ஹெட்டில் ரப்பர் நீளும், நீளும், சட்டென்று சுருங்கும், மறுபடி நீளும். கையால் தள்ளிப் பார்த்தால் நம் கையே பிழையைச் சரிசெய்துவிடும், ரப்பர் அப்படிச் செய்யாது. டில்ட்டுக்கும் இதே சோதனை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்தது நான் சொன்ன அந்த விரற்கடை. லென்ஸை முழுக்க ஜூம் செய்து, தூரத்தில் ஒரு ஜன்னல் கம்பியையோ விளம்பரப் பலகையின் எழுத்தையோ நடுவில் வைத்து, பேன் செய்து அதில் கொண்டுவந்து நிறுத்திக் கைப்பிடியை விடு. படம் பின்வாங்கினால் ஒன்று ஹெட்டில் ஆட்டம் இருக்கிறது, அல்லது கால்கள் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகின்றன. எது என்று கண்டுபிடிக்க, பேன் பூட்டைப் போட்டுவிட்டு, கைப்பிடியை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிக்கொண்டே காலையும் ஹெட்டையும் தொட்டுப் பார், நெளிகிற இடம் கையில் தெரியும்.

டிராக்குக்குப் பதிலாகப் பூட்டை அரைகுறையாக இறுக்கிக்கொண்டு பேன் செய்யாதே. இது நம் ஊரில் ரொம்பப் பேருக்குப் பழக்கம். பூட்டு உரசலில் வேலை செய்வது, நீ மறுபடியும் மரக்கதவுக்கே போகிறாய், பூட்டும் சீக்கிரம் தேயும். பேனுக்கு ஒரு எண், டில்ட்டுக்கு ஒரு எண் என்று வைத்தால் குறுக்காகப் போகும்போது படிக்கட்டு ஏறுகிற மாதிரி வரும், இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துப் பழகு. அப்புறம், சித்திரை வெயிலில் மதியம் முழுக்க நின்ற ஹெட்டில் கிரீஸ் இளகி டிராக் குறைந்த மாதிரி இருக்கும், ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும்.

பௌல்

பௌல் என்பது கால்களின் உச்சியில் ஹெட் உட்காருகிற கிண்ணம். அதன் அகலம் 75 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். நாம் எடுக்கிற வேலைக்கு 75 தாராளம். தோளில் வைக்கிற பழைய செய்திக் கேமரா, டெலிபிராம்ப்டர் என்று ஏற்றினால் 100. 150 சினிமாக்காரர்களுக்கு. தட்டையான அடியோடு வரும் ஹெட்டை மட்டும் தவிர்த்துவிடு, ஏனென்றால் பௌல் இருந்தால் அடியில் இருக்கும் குமிழைத் தளர்த்தி, நீர்மட்டத்தைப் பார்த்து ஐந்து நொடியில் சமம் செய்யலாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்க வேண்டும், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். 75 ஹெட்டை வளையம் போட்டு 100 பௌலில் உட்கார வைக்கலாம், 100 ஹெட் 75-ல் உட்காராது. செய்தி நிறுவனங்கள் கழித்துவிட்ட 100 மில்லிமீட்டர் அலுமினியக் கால் எங்காவது மலிவாகக் கிடைத்தால் இந்த வளையத்தை ஞாபகம் வை.

நீர்மட்டக் குமிழுக்கு விளக்கு இருக்கிறதா என்றும் பார். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது ஆடம்பரம் இல்லை.

கால்

அலுமினியமா கார்பனா? கார்பன் எடை குறைவு, விலை அதிகம். தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி இறங்குகிறவனுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் மாலையில் தெரியும், சொந்த வண்டியில் போகிறவனுக்கு அலுமினியம் போதும், மிச்சப் பணத்தை ஹெட்டில் போடு. பணம் தட்டுப்பாடு என்றால் என் வரிசை இதுதான்: ஹெட் முதலில், கால் அப்புறம். ஆனால் முறுக்கிக்கொள்கிற காலில் எத்தனை நல்ல ஹெட்டை வைத்தாலும் வீண், ஆகவே பௌலை இரண்டு கையாலும் பிடித்து ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி திருகிப் பார். ஒவ்வொரு காலும் ஒற்றைக் குழாயாக இல்லாமல் இரட்டைக் குழாயாக இருப்பதே இந்த முறுக்கைத் தடுக்கத்தான். நடுவில் தூக்கி இறக்குகிற கம்பம் இருந்தால் அது போட்டோவுக்கானது, வீடியோவுக்கு வேண்டாம்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று பார். பழைய முறையில் ஒவ்வொரு காலிலும் இரண்டு பூட்டு, குனிந்து குனிந்து ஆறு தடவை. 2017-ல் வந்த சாக்ட்லர் ஃப்ளோடெக் கால்களில் பூட்டு மேலேயே பௌலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நின்றபடியே மூன்றைத் திறந்தால் கால் தானாக இறங்குகிறது. அதற்கு அப்புறம் மற்றவர்களும் அந்த வழியில் செய்ய ஆரம்பித்தார்கள், அந்த விலையில் பாதிகூட இல்லாமல் சீனத் தயாரிப்பும் கிடைக்கிறது, சில நன்றாகவே இருக்கின்றன. சேற்றில் மட்டும் பழைய திருகுப் பூட்டுக்கு ஈடில்லை என்பது என் எண்ணம், கழற்றிக் கழுவலாம்.

கால்களை விரியாமல் பிடிக்கிற ஸ்பிரெடர் இரண்டு வகை. தரையில் படுத்துக்கிடப்பது, நடுக்காலில் தொங்குவது. கல்யாண மண்டபத் தரைக்குத் தரை வகை நன்றாகத்தான் இருக்கும், திருவிழாக் கூட்டத்தில் யாராவது அதன் மேல் கால் வைப்பார்கள், வைத்தே தீருவார்கள். நடு ஸ்பிரெடர் வாங்கு. கரடுமுரடான இடத்திலும் அது நிற்கும். காலின் கீழ்ப்பகுதியில் வெள்ளை டேப் சுற்று, இருட்டில் கறுப்புக் காலை யாரும் பார்ப்பதில்லை. பாதத்தில் கூர்முனை, மேலே மாட்ட ரப்பர் செருப்பு இரண்டும் இருக்க வேண்டும். மண்ணில் கூர்முனை. பகோடா சலவைக் கல்லிலும் கோயில் கருங்கல்லிலும் ரப்பர், அங்கே நாமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறோம், ஸ்டாண்டுக்கு மட்டும் போடுகிறோம்.

உயரத்தைப் பற்றி ஒன்று. திருவிழாவில் மூங்கில் பரண் கட்டித் தருவார்கள், மேலே ஏறி எடுங்கள் என்று அன்பாகச் சொல்வார்கள். ஏறலாம், ஆனால் ஸ்டாண்டை அதன் மேல் வைக்காதே. நீ கால் மாற்றி நின்றாலே பரண் அசையும், 200 மில்லிமீட்டரில் அது நிலநடுக்கம். உயரமான காலாகப் பார்த்துத் தரையில் ஊன்றி, பரணை நீ நிற்க மட்டும் பயன்படுத்து, இரண்டும் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடு. யாங்கோன் நகரத்துப் பழைய கட்டடங்களில் மரத்தளம் இருந்தாலும் இதே பிரச்சினை. ஒருமுறை இரண்டாம் மாடியில் நிச்சயதார்த்தம், படம் முழுக்க மெல்லிய நடுக்கம், ஹெட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன், கூட வந்த பையன்தான் சுவரில் கை வைத்துப் பார்த்து, "அண்ணே, கீழ ஜெனரேட்டர் ஓடுது" என்றான். ஸ்டாண்டை அறை நடுவிலிருந்து சுவரோரம், உத்தரம் சுவரில் உட்காருகிற இடத்துக்கு மாற்றினோம், பாதி நடுக்கம் நின்றது. மூன்று பாதத்துக்கும் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தோம், மிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது.

பிளேட்

சின்ன சாமான், பெரிய தலைவலி. நீளமான பிளேட்டாகப் பார், முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருந்தால்தான் கனமான லென்ஸ் மாட்டும்போது பேலன்ஸ் கிடைக்கும். ஒரே திருகு போட்டால் கேமரா பிளேட்டின் மேல் மெதுவாகச் சுழலும், இரண்டு திருகு போடு, இடமில்லாவிட்டால் திருகுக்குப் பக்கத்தில் துருத்துகிற அந்தச் சிறிய ஊசி கேமராவின் ஓட்டையில் விழுகிறதா என்று பார். பிளேட்டை உள்ளே தள்ளியதும் 'டக்' என்ற சத்தத்தை நம்பாமல் கேமராவை ஒருமுறை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கணும். எனக்கு ஒரு தடவை அரைகுறையாகப் பூட்டிய பிளேட்டிலிருந்து கேமரா நழுவி, மைக் வயரில் தொங்கி நின்றது, அந்த வயருக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

வாங்கும்போதே அதே மாதிரி இன்னொரு பிளேட் சேர்த்து வாங்கு. இங்கே தொலைத்தால் பேங்காக்கிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும், வருகிறவர் வேறு அளவைக் கொண்டுவந்து தருவார்.

பழசு வாங்குவது

நல்ல ஹெட் இருபது வருசம் உழைக்கும், அதற்குள் நீ நாலு கேமரா மாற்றியிருப்பாய். அதனால் புதிய மலிவு ஹெட்டைவிட பழைய நல்ல ஹெட் மேல் என்பேன். பார்க்க வேண்டியது: அடியிலும் பக்கத்து மூடியிலும் எண்ணெய் கசிந்த பிசுபிசுப்பு, இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடு, உள்ளே கிரீஸ் மாற்ற இங்கே ஆள் தேடி அலைவதற்குப் புதிதே வாங்கிவிடலாம். டிராக்கின் ஒவ்வொரு எண்ணுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒன்றொன்றாகத் திருப்பிப் பார், 3-க்கும் 5-க்கும் ஒரே மாதிரி இருந்தால் உள்ளே ஒரு தட்டு வேலை செய்யவில்லை. பூஜ்யத்தில் சுற்றினால் நடுவில் எங்காவது தட்டுகிறதா என்று முழு வட்டம் சுற்று. வெளியே இருக்கும் கீறலைப் பற்றிக் கவலைப்படாதே, விலை பேச அது உதவும்.

தண்ணீர்

வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசி வரை மழை, போதாததற்கு அதற்கு முன்பே திஞ்ஞான் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் ஊரே தண்ணீர் ஊற்றுகிறது. கேமராவுக்கு உறை போடுகிறவர்கள் ஹெட்டை மறந்துவிடுகிறார்கள். சமையலறைப் பிளாஸ்டிக் பையில் கைப்பிடிக்கு ஓட்டை போட்டு ஹெட்டின் மேல் கவிழ்த்து, கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுவிடு (சோதனைக்கு வாங்கிய அதே ரப்பர் பேண்டு). வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுக்க நீட்டி, தலைகீழாக ஒரு ராத்திரி சுவரில் சாய்த்து வை, உள்ளே போன தண்ணீர் வடியட்டும். நனைந்ததைப் பையில் போட்டு மூடினால் மறுவாரம் கூர்முனையில் துருவும் பையில் பூஞ்சையும் இருக்கும். ங்கபாலி, சௌங்தா என்று கடற்கரைக் கல்யாணம் எடுத்துவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவு, உப்பும் மணலும் பூட்டுக்குள் காய்ந்துபோனால் அரம் மாதிரி அறுக்கும். ஹெட்டை மட்டும் குழாயில் காட்டாதே, ஈரத்துணியால் துடை. இறுகிப்போன மாதிரி இருக்கிறதே என்று இடுக்கில் எண்ணெய் விடவும் வேண்டாம், அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கெடுத்துவிடும், அப்புறம் பேன் செய்தால் காற்றில் ஆடுகிற ஊஞ்சல்தான்.

தூக்கிப் போகும்போது டிராக்கைப் பூஜ்யத்தில் வைத்து, பூட்டுகளைத் திறந்துவிட்டுப் பையில் வை. பூட்டிவைத்த ஹெட் பஸ்ஸில் அடிபட்டால் அந்த அடியெல்லாம் பூட்டுக்குள் போகும்.